64-ஆம் இடத்துச் செரின்

போலியோ வைரஸ் தன் மரபுப் பொருளை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியில் 461 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றுள் 64-ஆவதாக நிற்பது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சிறியது அதுதான். பக்கச் சங்கிலி என்று அதற்கு இருப்பது ஒற்றை ஹைட்ரஜன் அணு. அதை நீக்கிவிட்டுச் செரினை வைத்தால் கூடுதலாக வந்து சேர்வது ஒரு கார்பன், ஒரு ஆக்ஸிஜன், இரண்டு ஹைட்ரஜன். இந்த நான்கு அணுக்களின் பொருட்டு வைரஸ் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வருகிறார்கள். வாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை. ஓயாததில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு.

வைரஸ்களின் நகலெடுப்பு நொதிகளில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் நான் ஆய்வகத்தில் செய்து வந்த வேலை. அதனால் எப்போதெல்லாம் 'வைரஸ் மாறிவிட்டது' என்று ஒரு செய்தி வருகிறதோ, அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் வருகிறது. மாறிவிட்டது என்றால் வலுத்துவிட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். எழுதுபவரும் அப்படித்தான் எழுதுகிறார். நகலெடுப்பு நொதியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நிலைமை தலைகீழ் என்று தெரியும். பெரும்பாலான மாற்றங்கள் வைரஸை முடமாக்குகின்றன. சில கொன்றே விடுகின்றன. முடமாக்கும் மாற்றம்கூட எந்தச் செல்லில், எந்த வெப்பநிலையில், எந்த மருந்தின் முன்னால் என்று கேட்காமல் 'முடம்' என்று சொல்லிவிட முடியாது. நான் சொல்ல வருவது முழுக்க இந்தக் கடைசி வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு ஆதாரம் காட்டத்தான் இத்தனை பத்திகள்.

முதலில் இயந்திரம். ஆர்என்ஏவை மரபுப் பொருளாகக் கொண்ட பெரும்பாலான வைரஸ்கள் ஆர்என்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவை எழுதும் பாலிமரேஸ் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கின்றன. நம் செல்லில் அந்த வேலையை அவற்றுக்குச் செய்துகொடுக்கும் நொதி இல்லை என்பதால் அதை அவையே கொண்டுவர வேண்டும், அல்லது உள்ளே வந்ததும் தயாரித்துக்கொள்ள வேண்டும். இந்த நொதிகளின் முப்பரிமாண வடிவத்தை வலக்கையோடு ஒப்பிடுவது துறை வழக்கம்: விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல் என்றே பகுதிகளுக்குப் பெயர். வேதிவினை நடப்பது உள்ளங்கையில். அங்கே ஆஸ்பார்டிக் அமிலங்கள் இரண்டு மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டிருக்க, அந்த அயனிகள் புதிய நியூக்ளியோடைடை, அதாவது ஆர்என்ஏவின் ஓர் எழுத்தை, வளரும் இழையின் நுனியில் சேர்த்துவிடுகின்றன. போலியோவில் டைரோசின், கிளைசின், ஆஸ்பார்டிக், ஆஸ்பார்டிக் என்று வரிசையாக வரும் நான்கும் 326 முதல் 329 வரையிலான இடங்களில் இருக்கின்றன. கிளைசின் இருக்கும் இடத்தில் கொரோனா வைரஸிலும் இன்ஃபுளுயன்சாவிலும் செரின் இருக்கும். எச்ஐவியில் மெத்தியோனின் இருக்கும். பின்னால் வரும் இரட்டை ஆஸ்பார்டிக் மட்டும் மாறாது.

ஏன் மாறாது என்று தெரிந்துகொள்ள அதை மாற்றிப் பார்த்தால் போதும். 328-ஆம் ஆஸ்பார்டிக்கை அலனினாக மாற்றினால் நொதி செத்தது. இதில் சுவை எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆய்வகமும் இந்தச் செத்த மாற்றுருவை ஒரு குழாயில் போட்டு உறையவைத்திருக்கும். மற்ற மாற்றுருக்களை ஒப்பிட ஒரு பூஜ்யம் வேண்டுமே.

அந்தப் பூஜ்யத்தை அடையாளம் காண்பதும் அத்தனை எளிதல்ல. போலியோவின் ஆர்என்ஏ செல்லுக்குள் நுழைந்ததும் முதலில் செல்லின் ரைபோசோம்கள் அதை நேரடியாகப் படித்துப் புரதம் தயாரித்துவிடும். நகலெடுப்பு அதற்குப் பிறகுதான். நாங்கள் பயன்படுத்துவது வைரஸின் வெளியுறைப் புரதங்களுக்கான பகுதியை வெட்டிவிட்டு, அங்கே மின்மினியின் ஒளிரும் நொதியான லூசிஃபெரேஸின் மரபணுவைச் செருகிய ஆர்என்ஏ. செல் ஒளிர்ந்தால் புரதம் உண்டாகியிருக்கிறது என்று பொருள். ஆனால் அந்த ஒளியில் எவ்வளவு முதலில் உள்ளே போன ஆர்என்ஏவிலிருந்து வந்தது, எவ்வளவு புதிய நகல்களிலிருந்து வந்தது? இதைப் பிரிக்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. குவானிடின் ஹைட்ரோகுளோரைடைச் சேர்த்தால் வைரஸின் 2சி என்னும் இன்னொரு புரதம் முடங்கி, நகலெடுப்பு நின்றுவிடும். புரதத் தயாரிப்பு நடந்துகொண்டிருக்கும். குவானிடினோடு கிடைக்கும் ஒளியை அடிமட்டமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் நகலெடுப்பு இல்லை.

அப்போதும் குற்றவாளி யார் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. போலியோ தன் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகத் தயாரித்து, பிறகு வெட்டிக்கொள்ளும். பாலிமரேஸாக வெட்டப்படுவதற்கு முன் அது 3சிடி என்னும் பெரிய துண்டின் பகுதியாக இருக்கிறது. அந்தப் பெரிய துண்டு நகலெடுக்காது. மற்றப் புரதங்களை வெட்டும், வைரஸ் ஆர்என்ஏவின் தலைப்பகுதியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே பாலிமரேஸில் நாம் செய்யும் எந்த மாற்றமும் 3சிடியிலும் வந்துவிடுகிறது. நகலெடுப்பு நின்றதற்குக் காரணம் பாலிமரேஸின் கோளாறா, முந்தைய துண்டு வேலையைச் சரியாகச் செய்யாததா? கட்டுரைகளில் ஒரே வரியில் முடிந்துபோகும் இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மாதங்கள் கழிகின்றன.

அந்த வெட்டு எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு கிளைசின் காட்டுகிறது. அது சங்கிலியின் முதல் இடத்தில் இருப்பது. வெட்டு விழுந்து அதன் நுனி விடுபட்டதும் அது மடிந்து, நொதிக்குள்ளே உள்ள ஒரு குழிக்குள் புதைந்துகொள்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஓர் அமினோ அமிலத்தைக் கூடுதலாகச் சேர்த்தாலும் குழிக்குள் அது சரியாக அமராது. நொதி வேலை செய்யாது. வினை நடக்கும் உள்ளங்கையிலிருந்து அது தள்ளியே இருக்கிறது. ஆனால் முதல் கிளைசின் சரியான இடத்தில் அமர்ந்தால்தான் 238-ஆம் இடத்து ஆஸ்பார்டிக் சரியாக நிற்கும். உள்ளே வரும் நியூக்ளியோடைடைத் தொட்டுப் பார்த்து ஏற்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. முதல் கிளைசினைக் குழிக்குள் பிடித்துவைத்திருக்கும் வலைப்பின்னலில்தான் நம் 64-ஆம் கிளைசினும் இருக்கிறது.

2003-இல் வைரஸ் ஆய்வாளர்கள் ஜூலி ஃபைஃபரும் கார்லா கிர்க்கெகார்டும் அந்த 64-ஆம் இடத்தின் முக்கியத்துவத்தைக் கண்டுபிடித்த விதம் நேரடியானது. ரிபாவிரின் என்ற மருந்து வைரஸின் நகல்களில் பிழைகளைப் பெருக்குகிறது. போலியோவில் அதைக் காட்டிய ஆய்வு 2000-இல் வந்திருந்தது. போலியோ சாதாரணமாகவே பிழை மலிந்த வைரஸ். அதன் 7,500 எழுத்து அளவிலான ஆர்என்ஏவை ஒருமுறை நகலெடுத்தால் ஏறத்தாழ ஒரு பிழையாவது விழும் என்பது பொதுவான கணக்கு. பிழை திருத்தும் ஏற்பாடு எதுவும் அதற்குக் கிடையாது. அதற்கு மேலும் பிழையை ஏற்றினால் வைரஸ் தாங்காது. அவர்கள் ரிபாவிரின் இருக்கும்போதே வைரஸைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, தப்பிப் பிழைத்ததன் மரபு வரிசையைப் படித்துப் பார்த்தார்கள். 64-இல் செரின் இருந்தது. அந்த வைரஸ் ரிபாவிரினை மட்டும் அடையாளம் கண்டு ஒதுக்கவில்லை. பொதுவாகவே குறைவாகப் பிழை விட்டது.

பிழை குறைந்தால் வைரஸுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆய்வகத் தட்டிலுள்ள செல்களில் வளர்த்தபோது அதில் பெரிய குறை தெரியவில்லை. எலிகளில்தான் தெரிந்தது. போலியோ செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் மனிதப் புரதமான ஏற்பியைத் தாங்கும்படி மரபு மாற்றப்பட்ட எலிகளில் செரின் வைரஸின் வீரியம் குறைவாக இருந்தது. 2006-இல் மார்கோ விக்னுஸியும் ரௌல் அண்டினோவும் அவர்களுடைய குழுவும் இதற்கு அழகான விளக்கம் ஒன்றை முன்வைத்தார்கள். ஓர் உடலில் இருக்கும் வைரஸ் ஒரே வரிசை அல்ல, சற்றே வேறுபடும் பல வரிசைகளின் கூட்டம். குடலில் பெருகவும் நரம்புக்குள் ஏறவும் மூளையில் நிலைக்கவும் வெவ்வேறு உறுப்பினர்கள் உதவுகிறார்கள். குறைவாகப் பிழை விடும் பாலிமரேஸ் அந்தக் கூட்டத்தை ஏறத்தாழ ஒரே அச்சாக்கிவிடுகிறது. கூட்டம் மூளையை எட்டுவதில்லை. சோதிப்பதற்காக அவர்கள் செரின் வைரஸுக்கு வேதிப்பொருள் கொடுத்து வேண்டுமென்றே பிழைகளை ஏற்றினார்கள். பாலிமரேஸ் அதே செரின் பாலிமரேஸ்தான், கூட்டம் மட்டும் பன்முகமானது. வைரஸ் மூளைக்குப் போனது.

அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் மறக்கவில்லை. பிழையையே வாழ்வாதாரமாகக் கொண்ட உயிரி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பல ஆண்டுகள் பாடநூல் கதையாகவே அது உலவியது. சிக்குன்குன்யாவில் 2011-இல் துல்லியம் கூடிய ஒரு பாலிமரேஸைக் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் எலியிலும் கொசுவிலும் பின்தங்கியது. மறுபுறம், 2014-இல் போலியோ பாலிமரேஸின் 273-ஆம் இடத்து ஹிஸ்டிடினை ஆர்ஜினினாக மாற்றியபோது பிழைகள் கூடின; அதுவும் எலிகளில் வீரியம் இழந்தது. குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி. நடுவில் ஒரு பொருத்தமான பிழை விகிதம் இருக்கிறது, இயற்கை அதைத் தேர்ந்து வைத்திருக்கிறது என்று கதை இன்னும் நேர்த்தியானது.

அந்த நேர்த்திதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. நொதியைத் தனியாகப் பிரித்து அளந்தவர்களின் எண்கள் வேறொன்றைச் சொன்னன. செரின் பாலிமரேஸ் துல்லியமானது மட்டுமல்ல, மந்தமானதும்கூட. ஒவ்வொரு நியூக்ளியோடைடையும் ஏற்றுக்கொள்ளும் முன் நொதி ஒருமுறை இறுகி அமர வேண்டும். அந்த அமர்வில் செரின் நொதிக்குக் கூடுதல் நேரம் ஆகிறது. சரியான எழுத்துக்கும் நேரம் ஆகிறது, தவறான எழுத்துக்கு இன்னும் அதிகம் ஆகிறது. தவறான எழுத்து அதற்குள் நழுவிப் போய்விடுவதால்தான் துல்லியம். ஏட்டைப் படியெடுப்பவர் விரைந்து எழுதினால் பாடபேதம் மலியும், நிறுத்தி எழுதினால் படிகள் குறையும். எலி பிழைத்ததற்குக் காரணம் பிழை குறைந்ததா, படி குறைந்ததா?

2018-இல் ஆடம் லாரிங்கின் குழு இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. வேகத்தையும் துல்லியத்தையும் பிரித்துப் பார்த்த அவர்கள், செரின் வைரஸின் வீரியக் குறைவை அதன் மந்தமே பெருமளவு விளக்கிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். இயற்கை தேர்ந்தெடுப்பது வேகத்தை. பிழை விகிதம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் விளைவு. பிழைகள் நாளைய தேவைக்காகச் சேமிக்கப்பட்ட முதலீடு என்ற எண்ணத்துக்கு இது பலத்த அடி. என் சாய்வு லாரிங் பக்கம்தான். ஆனால் வேதிப்பொருளால் கூட்டத்தை விரிவாக்கியதும் வைரஸ் மூளைக்குப் போன 2006-இன் சோதனையை மந்தம் என்ற ஒற்றைச் சொல்லால் என்னால் தள்ளிவிட முடியவில்லை. இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பாலிமரேஸின் அமைப்பே வேகத்தையும் துல்லியத்தையும் பிணைத்து வைத்திருக்கிறது. ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றும் சடுதிமாற்றம் கிடைப்பது அரிது.

இதுவரை சொன்னது நொதியின் உள்விவகாரம். சில மாற்றங்களின் பொருள் நொதிக்குள்ளேயே இல்லை. இன்ஃபுளுயன்சாவின் பாலிமரேஸ் மூன்று புரதங்கள் சேர்ந்தது. அதில் பிபி2 என்பதன் 627-ஆம் இடத்தில் பறவை வைரஸ்களில் குளுட்டாமிக் அமிலமும், மனித வைரஸ்களில் லைசினும் இருப்பது வழக்கம். எதிர்மின் சுமை போய் நேர்மின் சுமை வருகிறது. எந்த விலங்கில் வைரஸ் பெருகும் என்பதை இந்த ஓர் இடம் தீர்மானிக்கக்கூடும் என்று 1993-இலேயே தெரியும். 2001-இல், ஹாங்காங்கில் 1997-இல் மனிதர்களைத் தாக்கிய பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் எலிகளில் காட்டிய கொடுமைக்கும் இதே லைசினே முக்கிய காரணம் என்று கண்டார்கள். ஆனால் ஏன் என்பது 2016 வரை தெரியவில்லை. நொதியை எவ்வளவு துருவினாலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் விடை இருந்தது செல்லின் பக்கம். பாலிமரேஸ் வேலை செய்ய ஏஎன்பி32ஏ என்னும் செல் புரதத்தின் துணை வேண்டும். பறவைகளில் அந்தப் புரதத்துக்கு 33 அமினோ அமில நீளமுள்ள ஒரு செருகல் இருக்கிறது, நம்மிடம் இல்லை. பறவைப் பாலிமரேஸ் அந்த நீளமான துணைக்குப் பழகியது; லைசின் வந்தால் குட்டையான துணையோடும் ஒத்துப்போகிறது.

'லைசின் வந்தால் ஆபத்து' என்று சூத்திரம் எழுதி வைத்துக்கொண்டவர்களை 2009-இன் பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்று வைரஸ் திணறடித்தது. உலகெங்கும் பரவிய அந்த வைரஸின் 627-இல் பறவைகளின் குளுட்டாமிக் அமிலமே இருந்தது. அருகே 590, 591 ஆகிய இடங்களில் வந்திருந்த வேறு மாற்றங்கள் லைசினின் வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஆய்வகத்தில் அந்த வைரஸுக்கு லைசினைக் கொடுத்துப் பார்த்தபோதும் பெரிதாக எதுவும் கூடவில்லை. அதே அமினோ அமிலம், அதே புரதம். பக்கத்து அமினோ அமிலங்கள் வேறு என்பதால் விளைவும் வேறு. 2019-இல் ஜெஸ்ஸி புளூமின் ஆய்வகம் பறவை வைரஸ் ஒன்றின் பிபி2-இல் சாத்தியமான எல்லா ஒற்றை மாற்றங்களையும் செய்து, மனிதச் செல்லிலும் வாத்துச் செல்லிலும் வளர்த்துப் பார்த்தது. அந்தப் புரதத்தின் நீளம் 759 என்பதால், இது பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களின் கணக்கு. பெரும்பாலானவை இரண்டு செல்லிலும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. செல்லைப் பொறுத்து வேறுபட்டவை ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதியைக் கண்காணிப்பதுதான் பயனுள்ள வேலை.

2023-இல் இந்த அறிவை வைத்துக் கோழிகளின் ஏஎன்பி32ஏ மரபணுவையே திருத்தி, பாலிமரேஸ் அதைப் பிடிக்க முடியாதபடி செய்தார்கள். குறைந்த அளவு வைரஸ் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிகள் தொற்றாமல் தப்பின. அளவை மிகவும் கூட்டியதும் பாதிக் கோழிகளில் வைரஸ் தலைகாட்டியது. படித்துப் பார்த்தால் அதன் பாலிமரேஸில் புதிய மாற்றங்கள்; குடும்பத்திலுள்ள வேறு புரதங்களைத் துணைக்குப் பிடிக்க அது கற்றுக்கொண்டிருந்தது.

மருந்துகளின் கதையில் எல்லாம் இன்னும் வெளிப்படை. எச்ஐவியின் நகலெடுப்பு நொதியில் 184-ஆம் மெத்தியோனின் வாலினாக மாறினால், லாமிவுடின் மருந்தின் கந்தகம் கொண்ட வளையம் வாலினின் கிளைத்த சங்கிலியில் இடித்துக்கொண்டு உள்ளே நுழைய முடியாமல் போகிறது. மருந்தை மட்டும் கொடுத்தால் சில வாரங்களிலேயே இந்த மாற்றம் வந்துவிடும். ஆனால் அந்த நொதி தன் இயல்பான வேலையிலும் கொஞ்சம் தடுமாறுகிறது. மருந்தை நிறுத்தினால் பழைய மெத்தியோனின் வைரஸ் மறுபடி மேலெழுகிறது. போதாததற்கு, இந்த மாற்றம் ஜிடோவுடின் என்ற இன்னொரு மருந்துக்கு வைரஸை எளிதில் வசப்பட வைக்கிறது. ஹெபடைடிஸ் சியில் விலை இன்னும் கடுமை. 282-ஆம் செரின் திரியோனினானால் சோஃபோஸ்புவிரைச் சமாளிக்கலாம். ஆனால் நகலெடுப்பு அவ்வளவு தளர்ந்துவிடுவதால் நோயாளிகளிடம் அந்த மாற்றத்தைக் காண்பதே அபூர்வம்.

கொரோனா வைரஸ்களைச் சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ 30,000 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏவைத் திருத்தமின்றி நகலெடுத்தால் சமாளிக்க முடியாது என்பதால், அவற்றிடம் தனியாக ஒரு திருத்தும் நொதி, என்எஸ்பி14, இருக்கிறது. மார்க் டெனிசனின் குழு 2003-இன் சார்ஸ் வைரஸில் அந்தத் திருத்தும் திறனை மாற்றி அழித்தபோது பிழைகள் ஏறத்தாழ இருபது மடங்காகின. வைரஸ் நொண்டினாலும் பிழைத்தது. மெர்ஸ் வைரஸிலும் 2019-இல் வந்த கொரோனா வைரஸிலும் அதையே செய்து பார்த்த வேறு குழுவுக்கு வைரஸே கிடைக்கவில்லை. நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள், ஒத்த நொதி, ஒத்த மாற்றம். ஒன்று பிழைக்கிறது, மற்றவை சாகின்றன. பிழை திருத்துவதைத் தவிர வேறு ஏதோ வேலையும் அந்த நொதிக்கு இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

ஆய்வகத்தில் எனக்கு அதிகம் கற்பித்தவை நகலெடுப்பு பூஜ்யமாகிவிட்ட மாற்றுருக்கள் அல்ல. ஒளி மங்கலாக வரும், தட்டில் வைரஸ் செல்களைக் கொன்ற புள்ளிகள் ஊசிமுனை அளவுக்குத்தான் விழும், 33 டிகிரியில் வளரும், 39-இல் நின்றுவிடும், அப்படிப்பட்டவைதான். அவற்றைச் சில தலைமுறைகள் வளர விட்டால் புள்ளிகள் பெரிதாகும். பல சமயம் பழைய அமினோ அமிலமே திரும்பி வந்திருக்கும். அதைக் கடினமாக்கத்தான் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆர்என்ஏக் குறியில் ஒன்றுக்கு இரண்டு எழுத்தாக மாற்றிவைக்கிறோம். அப்போது வைரஸ் வேறு வழி தேடும்: நாம் செய்த மாற்றம் அப்படியே இருக்க, எதிர்பாராத ஓர் இடத்தில் இன்னொரு மாற்றம் வந்து முதலாவதை ஈடுசெய்யும். எந்த இரண்டு இடங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்பதை அப்போது வைரஸே நமக்குக் காட்டிவிடுகிறது.

இந்த அறிவு காகிதத்தோடு நிற்கவில்லை. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸ், தடுப்பூசி போதுமான அளவு போடப்படாத இடங்களில் ஆளுக்கு ஆள் தாவித் தாவி மறுபடி வலுப்பெற்றுவிடுவது உண்டு. இரண்டாம் வகைப் போலியோவில் அந்தச் சிக்கல் மிகுதி. அதற்காக வடிவமைக்கப்பட்ட புதிய இரண்டாம் வகைச் சொட்டு மருந்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் அவசரகாலப் பயன்பாட்டுப் பட்டியலில் இடம் தந்தது. 2023 டிசம்பரில் முறையான முன்தகுதியும் கிடைத்தது. அதன் மரபுப் பொருளில் செய்யப்பட்ட திருத்தங்களில் இரண்டு பாலிமரேஸில் இருக்கின்றன. 53-ஆம் ஆஸ்பார்டிக் ஆஸ்பராஜினாக்கப்பட்டது துல்லியத்தைக் கூட்ட. 38-ஆம் லைசின் ஆர்ஜினினாக்கப்பட்டது, பாலிமரேஸ் நகலெடுக்கும் நடுவிலேயே ஓர் ஆர்என்ஏவை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதைக் குறைக்க. அந்தத் தாவல்தான் இரண்டு வைரஸ்களின் மரபுப் பொருள் கலந்துபோகக் காரணம். 2023 மார்ச்சில் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் புருண்டியிலும் இந்தப் புதிய மருந்திலிருந்தே கிளைத்த வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பழைய மருந்தோடு ஒப்பிட்டால் இப்படி நேர்வது மிகவும் குறைந்திருக்கிறது. நேர்ந்தவற்றில் வைரஸ் தப்பிய வழி, அந்த 38-ஆம் ஆர்ஜினின் அடைக்க முயன்ற அதே வழி: குடலில் கூடவே இருந்த, போலியோவின் உறவினரான வேறு எண்டரோவைரஸ்களோடு கலப்பு.